பாவித்த கமராவா, புதுப்பித்த கமராவா?

வணக்கம் அண்ணா. எனக்கு வயது 24. புதுக்குடியிருப்பில் இருக்கிறேன். இரண்டு வருடமாகச் சாமத்தியவீடு, பிறந்தநாள், அரங்கேற்றம் என்று சின்னச் சின்ன ஓடர்கள் செய்கிறேன். சொந்தக் கமரா இல்லை; இரவல் கமராவும் போனும்தான். பெண்பிள்ளைகளின் நிகழ்வுக்குப் பெண் ஒருவர் வந்து படம் எடுத்தால் வசதி என்று பலர் கூப்பிடுகிறார்கள். சீட்டுக்காசும் அம்மா தருவதும் சேர்த்து 300,000 ரூபா இருக்கிறது. வவுனியாவில் கலியாணவீட்டுப் படம் எடுக்கும் ஒருவர் தன்னுடைய கெனன் 80டி கமராவை 18–135 லென்ஸுடன் 195,000 ரூபாவுக்குத் தருவதாகச் சொல்கிறார். கொழும்பில் ஒரு கடையில் அதே 80டி, 18–55 லென்ஸுடன், ‘ரீஃபர்பிஷ்ட்’ என்று போட்டு 265,000 ரூபா. ஆறு மாத வாரண்டி உண்டாம். கனடாவில் இருக்கும் சித்தப்பா, “நான் இங்க ரீஃபர்பிஷ்ட் ஒண்டு வாங்கி ஆரிட்டையும் குடுத்துவிடுறன்” என்கிறார். “ஆரோ பாவிச்சுக் கழிச்ச சாமானுக்கு இவ்வளவு காசோ” என்று அம்மா கேட்கிறா. எதை வாங்கலாம்?

— ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

தங்கச்சி, சுற்றி வளைக்காமல் முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வவுனியாக் கமராவை நேரில் போய்ப் பாருங்கள். கீழே நான் சொல்லும் சோதனைகளில் தேறினால் அதையே வாங்குங்கள். தேறாவிட்டால் நட்டம் பஸ் காசோடு போகும். கொழும்புக் கடையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சித்தப்பாவுக்கு வேறு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

கடையை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், அந்தச் சொல்லில் இருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ‘ரீகண்டிசன் வான்’ என்கிறோமே, அதை யாராவது ரீகண்டிசன் செய்து பார்த்திருக்கிறீர்களா? யப்பானில் ஓடிய வாகனம் கப்பலில் ஏறி வருகிறது, இங்கே இறக்கிக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்துகிறார்கள், பெயர் ரீகண்டிசன். எஞ்சினைக் கழற்றிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. வானில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் ஏமாறுவதில்லை. கமராவில் ‘ரீஃபர்பிஷ்ட்’ என்ற சொல் வந்து கொஞ்சக் காலம்தான். ஆளுக்கு ஓர் அர்த்தத்தில் பாவிக்கிறார்கள்.

உண்மையான ரீஃபர்பிஷ்ட் எப்படி வருகிறது தெரியுமா? ஒருவர் புதுக் கமரா வாங்கி, பிடிக்காமல் சில நாளில் திருப்பிக் கொடுக்கிறார். அல்லது அது கடையில் காட்சிக்கு வைத்திருந்த கமரா. அல்லது வாரண்டிக் காலத்துக்குள் பழுதாகித் திரும்பியது. அதைத் தயாரித்த கொம்பனியே எடுத்து, சோதித்து, தேவையான பாகத்தைத் தன்னுடைய அசல் பாகத்தால் மாற்றி, துப்புரவாக்கி, படம் ஒன்றும் இல்லாத வெறும் பெட்டியில் போட்டு, குறைந்த விலைக்கு வாரண்டியோடு விற்கிறது. கெனனும் நிக்கோனும் அமெரிக்காவில் தங்கள் சொந்தக் கடையிலேயே இப்படி விற்கின்றன. அது நல்ல சாமான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றுகூடச் சொல்வேன்.

கொம்பனியின் கை பட்டால் என்ன வித்தியாசம் என்பதற்கு ஓர் உதாரணம். 2012 இல் வந்த நிக்கோன் டி600 கமராவில், எடுக்கும் படங்களில் புள்ளி புள்ளியாக விழும் குறை ஒன்று இருந்தது. படம் பதியும் சென்சரைத் துடைத்தால் போகும், திரும்ப வரும். 2014 இல் நிக்கோன், வாரண்டி முடிந்த கமராக்களுக்கும் சேர்த்து, படம் எடுக்க அமத்தும்போது திறந்து மூடும் ஷட்டரை இலவசமாக மாற்றிக் கொடுக்க முன்வந்தது. பிறகு டி750 இன் குறிப்பிட்ட தொடரிலக்கங்களுக்கும் அதேமாதிரி ஷட்டர் மாற்றிக் கொடுத்தார்கள். இன்றைக்கு ஒரு பழைய டி600 உங்கள் கைக்கு வந்தால், அது கொம்பனிக்குப் போய்வந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கடைக்காரர் தானே ‘ரீஃபர்பிஷ்ட்’ என்று எழுதி ஒட்டுவது வேறு. அவரிடம் கேளுங்கள்: செய்தது யார், எந்தப் பாகத்தை மாற்றினார்கள், பழுதானால் எந்த மேசையில் கொண்டுவந்து வைக்க வேண்டும்? “எல்லாம் சேர்விஸ் பண்ணின சாமான் அக்கா” என்று மட்டும் சொன்னால், பிடியின் ரப்பரை மாற்றி, வெளியே துடைத்து, லென்ஸுக்குள் இருந்த பூஞ்சணத்தைக் கழுவியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இவற்றை நானும் என் கடையில் செய்கிறேன். அதில் களவு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு நீங்கள் 70,000 ரூபா கூடக் கொடுக்க வேண்டியதில்லை. அதுவும் சின்ன லென்ஸோடு.

எனக்கு இந்தப் பாடம் காசு கொடுத்துக் கிடைத்தது. 2012 இல், மீள்குடியேறி வந்து ஸ்ரூடியோவைத் திரும்பத் திறந்த புதிது. ஒரு கடையில் ‘ரீஃபர்பிஷ்ட்’ என்று ஒரு கமரா வாங்கினேன். பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மூன்று மாத வாரண்டி. நாலாம் மாதம் விசுவமடுவில் ஒரு சாமத்தியவீடு. பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து, உடுப்பு மாற்றிக் கொண்டுவந்து இருத்தி, மாமிமார் ஆராத்தித் தட்டைத் தூக்குகிற நேரம், கமராவுக்குள் மேலே போன கண்ணாடி கீழே வரவில்லை. ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. வீட்டுக்காரரின் சட்டைப்பைக் கமராவை இரவல் வாங்கி மிச்சத்தை எடுத்து முடித்தேன். அந்த அல்பத்தை இன்றைக்குக் காட்டினாலும் எந்தப் பக்கத்தில் கமரா செத்தது என்று விரல் வைத்துக் காட்டுவேன். கடைக்குப் போன் எடுத்தால், “வாரண்டி போன கிழமை முடிஞ்சுதே அண்ணை.”

பிறகு நானே அடித்தட்டைக் கழற்றலாம் என்று கவிழ்த்துப் பார்த்தால், ஸ்குரூக்களின் தலை எல்லாம் கடித்துத் துப்பின மாதிரி இருந்தது. யப்பான் கமராக்களில் இருக்கும் கூட்டல்தலை ஸ்குரூவுக்கு யப்பானுக்கென்றே ஓர் அளவு இருக்கிறது. சைக்கிள் கடைத் திருப்பி அதில் சரியாக உட்காராது. வழுக்கித் தலையைத் தின்றுவிடும். தலை சிதைந்திருந்தால், தெரியாத கை ஒன்று உள்ளே போய்வந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து யார் கமரா கொண்டுவந்தாலும் முதலில் கவிழ்த்து ஸ்குரூவைத்தான் பார்க்கிறேன். நீங்களும் அதையே செய்யுங்கள்; இதற்குக் காசும் தேவையில்லை, படிப்பும் தேவையில்லை.

அதற்கு ஒரு வருடம் முன்னால், மன்னாரில் தொழிலை விடுகிற ஒரு பெரியவரிடம் நிக்கோன் டி300 ஒன்று வாங்கியிருந்தேன். மூலைகளில் பெயின்ற் உதிர்ந்து உலோகம் தெரிந்தது. வாங்குகிற நேரமே அவர் சொன்னார்: “தம்பி, இந்தப் பொத்தான் சிலநேரம் இரண்டு தரம் அமத்த வேணும். மற்றதெல்லாம் நல்லாயிருக்கு.” அந்தப் பொத்தான் இன்றைக்கும் இரண்டு தரம்தான் அமத்த வேண்டும். மற்றதெல்லாம் இன்றைக்கும் நல்லாயிருக்கிறது.

இனி வாரண்டி. ஆறு மாதம் என்று கேட்க நன்றாக இருக்கிறது. புதுக்குடியிருப்பில் இருந்து கமராவைத் தூக்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்பு போய், கடை திறக்கும்வரை காத்திருந்து கொடுத்து, “ரெண்டு கிழமையில சொல்லுறம்” என்ற பதிலோடு திரும்பி, பிறகு எடுக்க ஒருமுறை போய் வந்தால், இரண்டு பயணமும் குறைந்தது ஓர் ஓடரும் போய்விடும். வவுனியாக்காரர் வாரண்டி தரமாட்டார். ஆனால் அவர் நம் தொழில்காரர். நாளைக்கு மாங்குளத்திலோ நெடுங்கேணியிலோ ஒரு மண்டபத்தில் அவரும் நீங்களும் பக்கத்துப் பக்கத்து மேடையில் நிற்க வேண்டி வரலாம். பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டு அந்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? வன்னியில் இது ஆறு மாதக் கடதாசியைவிடக் கனக்கும்.

இதைச் சொல்லிவிட்டேன் என்பதற்காக அவர் சொல்வதை எல்லாம் நம்பிவிடவும் வேண்டாம். கலியாணவீட்டுக்காரரின் கமராவில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. கணக்குப் பாருங்கள். நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு சாமத்தியவீட்டுக்கு இரண்டு ரோல், ரோலுக்கு 36 படம். அதற்குமேல் அமத்தினால் முதலாளி ஏசுவார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரியே வன்னிக்குள் வரக்கூடாத சாமான். ஃபிளாஷ் அடிப்பதற்கு முன் இரண்டுதரம் யோசிப்போம். அப்படியான கையில் ஷட்டர் தேய ஆயுள் முழுக்கப் போகும். இன்றைக்கு ஒரு கலியாணவீட்டில் 2,000 படம் சாதாரணம். 80டி கமராவின் ஷட்டரைக் கெனன் 100,000 தரத்துக்குச் சோதித்ததாகச் சொல்கிறது. ஐம்பது கலியாணவீட்டில் அது முடிந்துபோகும். 80டி வந்தது 2016 இல். ஓடர் நிறைய உள்ள ஒருவர் அதை எத்தனை தரம் அமத்தியிருப்பார் என்று யோசியுங்கள்.

100,000 என்பது செத்தவீட்டு நாள் குறித்த கணக்கு என்று பயப்பட வேண்டாம். இரண்டு இலட்சம் தாண்டி ஓடுகிற ஷட்டரும் என் மேசைக்கு வருகிறது, முப்பதாயிரத்தில் நின்றதும் வருகிறது. ஆனாலும் விலை பேச அந்த இலக்கம்தான் கையில் இருக்கும் ஆயுதம். நிக்கோன் கமரா என்றால் எடுத்த படத்தின் கோப்புக்குள்ளேயே இந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்கும். கெனன் பெரும்பாலும் அதை வெளியே காட்டாது. கமராவை வயரால் கணினியோடு இணைத்து, அதற்கென்று உள்ள மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். 80டிக்குப் போவது பழைய மினி யூஎஸ்பி வயர். இப்போதைய போன் சார்ஜர் வயர் அதில் செருகாது, ஆகவே வீட்டில் இருந்தே தேடி எடுத்துக்கொண்டு போங்கள். யாருடையதாவது லப்ரொப்பில் மென்பொருளை முதல்நாளே போட்டு வையுங்கள்.

ஷட்டர் கணக்கு 60,000க்குள் இருந்தால் கேட்ட விலை நியாயம். அறுபதாயிரத்துக்கும் நூறாயிரத்துக்கும் இடையில் என்றால் இருபதாயிரம் ரூபாவாவது குறைக்கச் சொல்லுங்கள். நூறாயிரம் தாண்டியிருந்தால், ஷட்டர் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லை என்றால், ஷட்டர் மாற்ற எவ்வளவு முடியும் என்று விசாரித்து அந்தத் தொகையை முழுக்கக் கழித்துத்தான் வாங்க வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள். இன்னொன்று: இந்தக் கணக்கு படத்தை மட்டும்தான் எண்ணும். மணிக்கணக்காக வீடியோ எடுத்த கமராவில் ஷட்டர் இலக்கம் சின்னதாக இருக்கும், ஆனால் சென்சர் அவ்வளவு நேரமும் சூட்டில் கிடந்திருக்கும். “இதில வீடியோவும் எடுத்தனீங்களோ?” என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள்.

இனி கையில் எடுத்துச் செய்யும் சோதனை. உங்கள் சொந்த மெமரி கார்ட்டைப் போடுங்கள். படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிதாக்கிப் பார்க்கலாம். லென்ஸின் துளையை எஃப் 16 க்குக் குறுக்கி, தெளிந்த வானத்தை ஒரு படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சரில் தூசி. எங்கள் பக்கத்தில் சோளகம் அடிக்கிற மாதங்களில் செம்மண் புழுதி எங்கேதான் போகாது? தூசி துடைத்தால் போய்விடும், அதற்காகக் கமராவை ஒதுக்க வேண்டாம். நேர்கோடாக, எத்தனை துடைத்தாலும் அதே இடத்தில் நிற்பது கீறல். அதை வாங்க வேண்டாம். பிறகு லென்ஸை மூடிக்கொண்டு சில விநாடி நீளமான ஒரு படம். இருட்டுக்குள் சிவப்பு, நீலமாக ஒன்றிரண்டு புள்ளி மின்னினால் வயதுக்கு அது சரி. நட்சத்திரக் கூட்டம் மாதிரி இருந்தால் சரியில்லை.

ஷட்டரை ஆகக் கூடிய வேகத்தில், 80டியில் அது 1/8000, வெளிச்சமான சுவரைப் பார்த்துப் பத்துத் தரம் அமத்துங்கள். படத்தின் ஒரு பக்கம் இருண்டோ பட்டையாகவோ வந்தால் ஷட்டர் களைத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு தொடர் படமாக ஒரு நூறு எடுத்து விடுங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் அதையும் கவனியுங்கள். மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் ஒரு ஃபிளாஷைப் போட்டு அடித்துப் பாருங்கள். கலியாணவீட்டுக் கமராக்களில் அதிகம் தேய்வது அந்தத் தகடுதான். அந்த இடத்திலும், பற்றரி அறைக்குள்ளும், ஸ்ராண்ட் பூட்டும் துளையிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கள்ளப்பாட்டுக் கடற்கரையில் ஒரு நாள் காற்றில் நின்ற கமராவில் உப்பு எப்படிப் பூக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உப்புக் கண்டால் வாங்க வேண்டாம். உள்ளே சேர்க்கிட் போர்ட்டை அது மெதுவாகத் தின்றுகொண்டிருக்கும். இன்றைக்கு வேலை செய்வது ஒன்றுக்கும் சாட்சி அல்ல.

லென்ஸைத் தனி விலையாக நினையுங்கள், ஏனென்றால் 18–135 என்று கெனன் மூன்று லென்ஸ் விட்டிருக்கிறது. 2009 இல் வந்த முதலாவது, 2012 இல் எஸ்ரிஎம் என்று எழுதி வந்தது, 2016 இல் 80டியோடு சேர்ந்து வந்த யூஎஸ்எம். கடைசி இரண்டும் சத்தமில்லாமல் ஃபோகஸ் செய்யும், வீடியோவுக்கும் நல்லது. முதலாவது என்றால் விலையைக் குறைக்கலாம். லென்ஸின் மேலேயே எழுதியிருக்கும். போனில் கேட்டால் “18–135தான்” என்று மட்டும்தான் பெரும்பாலும் பதில் வரும்.

லென்ஸில் நீங்கள் பயப்பட வேண்டியது பூஞ்சணம். கழற்றி, இரண்டு மூடியையும் எடுத்து, பின்பக்கம் இருந்து ரோச் அடித்து, முன்பக்கத்தால் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தூசி மணல் மாதிரி இருக்கும்; எல்லா லென்ஸிலும் உண்டு, படத்தில் தெரியாது. பூஞ்சணம் சிலந்திவலை மாதிரி, அல்லது வேர் ஓடிய மாதிரி நூலாக இருக்கும். ஓரத்தில் சிறிதாக இருந்தாலும் வேண்டாம். கழுவலாம், நானே கழுவுகிறேன். ஆனால் கண்ணாடியின் மேல்பூச்சை அது ஏற்கனவே தின்றிருந்தால் அந்தத் தழும்பு போகாது. சரியாகக் கழுவாவிட்டால் அடுத்த மாரியில் அதே இடத்தில் முளைக்கும். கடைகளில் ‘ரீஃபர்பிஷ்ட் லென்ஸ்’ என்று வரும் பலதில் நான் பார்த்தது கழுவின பூஞ்சணத்தைத்தான். கோடையில் வாங்கியவர் ஐப்பசி, கார்த்திகையில் என்னிடம் கொண்டுவருவார். லென்ஸில் பூஞ்சணம் என்றால் கமராவை மட்டும் விலை பேசுங்கள். அந்த லென்ஸை இலவசமாகத் தந்தாலும் உங்கள் மற்ற லென்ஸ் இருக்கும் பெட்டிக்குள் வைக்க வேண்டாம்.

பிறகு ஒரு பழைய பத்திரிகையை மேசையில் விரித்து, சாய்வாக நின்று, துளையை முழுக்கத் திறந்து நடு வரி ஒன்றுக்கு ஃபோகஸ் செய்து எடுங்கள். அந்த வரிக்கு முன்னாலோ பின்னாலோ எழுத்து கூராக இருந்தால் ஃபோகஸ் தள்ளி நிற்கிறது. 80டியில் அதைக் கொஞ்சம் சரிக்கட்ட அமைப்பு இருக்கிறது, ஆகவே இதற்காக ஓட வேண்டாம். விலையில் சொல்லிப் பாருங்கள். சூமை அகலத்திலும் நீளத்திலும் வைத்து, துளையைக் குறுக்கி நாலைந்து படம் எடுங்கள். ஏதாவது ஒரு நிலையில் மட்டும் ‘எரர் 01’ என்று திரையில் வந்தால் கமராவும் லென்ஸும் சரியாகக் கதைக்கவில்லை. தொடுகைப் புள்ளிகளைத் துடைத்தும் திரும்ப வந்தால் லென்ஸுக்குள் வயர் அறுந்துகொண்டிருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு கடதாசி எழுத வேண்டும். கமராவின் அடியில் உள்ள தொடரிலக்கம், லென்ஸின் தொடரிலக்கம், விலை, திகதி, இருவர் கையெழுத்து, அவருடைய அடையாள அட்டைப் பிரதி. பழைய பில்லும் பெட்டியும் இருந்தால் இலக்கம் பொருந்துகிறதா என்று பாருங்கள். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். களவுபோன கமரா ஒன்று எங்கேயோ ஒரு பொலிஸ் முறைப்பாட்டில் இருக்கும். கடைசியாக வைத்திருப்பவர்தான் விளக்கம் சொல்லித் திரிய வேண்டும். நேர்மையான தொழில்காரர் இதைக் கேட்டால் கோபிக்க மாட்டார்.

‘எல்லாரும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராவுக்குப் போகினம், நான் 80டி வாங்கலாமோ?’ என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடையில் யாராவது சொல்லி மனதைக் குழப்புவார்கள். அவர்கள் போவதால்தான் உங்களுக்கு நல்ல கமரா இந்த விலைக்கு வருகிறது. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறிய பிறகு, புதுக் கமராவின் விலைச்சீட்டைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிறது. கெனன் 2018 இல் லென்ஸ் பூட்டும் வாயைப் புதிய அளவுக்கு மாற்றினாலும், பழைய லென்ஸ்களை இடையில் ஒரு வளையம் போட்டுப் புதிய கமராவிலும் பாவிக்கலாம். இன்றைக்கு வாங்கும் லென்ஸ் நாளைக்கு வீணாகாது.

80டியில் உள்ள ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: கார்ட் போட ஓர் இடம்தான். நிக்கோன் டி7200 மாதிரி இரண்டு கார்ட்டில் ஒரே நேரத்தில் எழுதாது. ஆகவே முழு நாளையும் ஒரே கார்ட்டில் எடுக்க வேண்டாம். தண்ணீர் வார்ப்பு முடிந்ததும் கார்ட்டை மாற்றி, எடுத்ததை உங்கள் பேர்ஸுக்குள் போடுங்கள். ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும்.

அம்மா சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. சில சாமான் பாவித்தது வாங்கக்கூடாது. பற்றரி, மெமரி கார்ட் இரண்டும் புதிதாக, பில்லோடு வாங்குங்கள். கமராவோடு வரும் பற்றரியை மெனுவில் பார்த்தால் எவ்வளவு களைத்தது என்று மூன்று கட்டத்தில் காட்டும். மூன்றும் பச்சை என்றால் அதை இரண்டாவது பற்றரியாக வைத்திருக்கலாம். மிச்சமாகும் நூறாயிரத்துச் சொச்சத்தை முழுக்கச் செலவழிக்க வேண்டாம். ஒரு பற்றரி, இரண்டு கார்ட், ஒரு ஃபிளாஷ், காற்றுப் புகாத ஒரு பெரிய பிளாஸ்ரிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீற்றர். மீற்றர் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் நிற்க வேண்டும். அறுபது தாண்டினால் ஜெல்லை வறுத்துத் திரும்பப் போடுங்கள். கமராவைத் தோல் பையோடு அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைப்பவர்கள்தான் எனக்கு மாரிக்கு மாரி வேலை தருகிறார்கள். எஞ்சுவதைப் பழுது பார்க்கவென்று வங்கியில் போட்டு வையுங்கள். அதுதான் உங்கள் வாரண்டி.

சித்தப்பாவுக்கு வருகிறேன். அவரிடம் கமரா கேட்க வேண்டாம். அங்கே தரும் வாரண்டி அந்த நாட்டுக்குத்தான். இங்கே பழுதானால் திருப்பிக் கனடாவுக்கு யார் கொண்டுபோவது? தபாலில் வந்தால் சுங்கத்தில் என்ன சொல்வார்கள் என்ற தலையிடி வேறு. அவரிடம் கெனனின் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 எஸ்ரிஎம் லென்ஸ் ஒன்று, கொம்பனியின் ரீஃபர்பிஷ்ட் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் புதிது, கேளுங்கள். 160 கிராம்தான், வருகிறவரின் கைப்பைக்குள் ஒரு சொக்கிலேற் பெட்டி அளவுக்கும் வராது. ஃபிளாஷ் அடிக்க முடியாத இடத்தில் அதன் அருமை தெரியும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் இரவில், விளக்கு வெளிச்சத்தில் கைகூப்பி நிற்கிற ஒரு கிழவியின் முகத்தை 18–135 லென்ஸால் எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு இதால் எடுத்துப் பாருங்கள். 80டியில் அது 80 மில்லிமீற்றர் மாதிரி வேலை செய்யும். பிள்ளைகளின் தனிப்படத்துக்கு அளவான தூரம்.

உற்சாகத்தில் அவர் ஸ்ரூடியோ லைட்டும் அனுப்புகிறேன் என்றால் மறித்துவிடுங்கள். அங்கே கரண்ட் 120 வோல்ற், இங்கே 230. கமராச் சார்ஜர் இரண்டையும் தாங்கும், பின்னால் எழுதியிருக்கும். அந்த லைட்டுகள் பல தாங்காது. அதேபோல யாராவது யப்பானில் இருந்து வந்த சோனி என்று மலிவாகக் காட்டினால் மெனுவைத் திறந்து பாருங்கள். யப்பான் சந்தைக்கென்று செய்த சோனிக் கமராக்கள் பலவற்றில் யப்பான் மொழி மட்டும்தான் இருக்கும், மாற்ற முடியாது.

வவுனியாவுக்குக் காலைப் பஸ்ஸில் போங்கள். பொழுதுபட்ட பிறகு வானத்தைப் படம் எடுத்துத் தூசி பார்க்க முடியாது. ரோச், மினி வயர், லப்ரொப், உங்கள் கார்ட், ஒரு பழைய பத்திரிகை. முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். “ஆரோ பாவிச்சுக் கழிச்ச சாமானுக்கு இவ்வளவு காசோ” என்று அவ அங்கேயும் ஒருதரம் கேட்கட்டும். விலை பேச அவதான் சரியான ஆள்.